பதினொரு பூச்சியமும் ஒரு தோடம்பழமும்

போன மாதம் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு செத்தவீடு. மண்டபத்துக்கு வெளியே கோப்பிக் கப்போடு நின்ற நாலைந்து பேரின் கதை, எப்படியோ வீட்டு விலையில் தொடங்கிச் சீனரிடம் போய் நின்றது.

"சீனன் எங்கை போனாலும் முன்னுக்கு வந்திடுவான். மார்க்கம் நகரத்திலை பாருங்கோ, அரைவாசி வீடு அவையின்ரைதான்" என்றார் ஒருவர்.

பக்கத்தில் நின்றவருக்கு அது போதவில்லை. "சீனன் பாவம், கஷ்டப்பட்டுத்தான் வந்தவன். உந்தச் சேர்பியன், போலந்துக்காரன் எல்லாம் வெள்ளைத்தோல். இறங்கின அண்டைக்கே கனடாக்காரன். அவைக்கு என்ன குறை?"

செத்தவீட்டில் தர்க்கம் பண்ணக்கூடாது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். காரை எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் 1999ஆம் ஆண்டின் ஒரு மத்தியானச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. அன்று அந்த மேசையில் ஒரு சேர்பியரும் ஒரு சீனத்தியும் நானும் இருந்தோம். மண்டபத்து வாசலில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் அப்போது கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு பெக்டரியில் பகல் ஷிப்ட். எங்களைப் போன்ற தமிழ்ப் பெடியள் பத்துப் பன்னிரண்டு பேர் பொருத்தும் வரிசையில் நின்றோம். லேத் மெஷினில் நின்றவருக்கு நாங்கள் வைத்த பெயர் சேர்பிய அண்ணை. செய்து முடித்த துண்டுகளைக் கலிப்பரால் அளந்து நல்லது, கழிவு என்று பிரிப்பவர் சீன அக்கா. அண்ணை சேர்பியாவின் கிராகுயேவாச் நகரத்தில், யூகோ கார் செய்த சாஸ்தவா தொழிற்சாலையில் இயந்திரப் பொறியியலாளராக இருந்தவர். அக்கா சீனத்தின் வடகிழக்கில் ஷென்யாங் நகரத்து அரச ஆலை ஒன்றில் இரசாயனப் பொறியியலாளர். எங்களுடைய போர்மன் பத்தாம் வகுப்பு. இதை நக்கலாகச் சொல்லவில்லை, நல்ல மனிசன். ஆனால் மெஷின் பழுதானால் அவர் முதலில் கூப்பிடுவது அண்ணையை. சம்பளம் கூட்டும்போது மட்டும் அண்ணையின் ஞாபகம் அவருக்கு வருவதில்லை.

அண்ணையின் பேர்சில் ஒரு காசுத்தாள் இருந்தது. யூகோஸ்லாவியா 1993இல் அடித்த 50,000 கோடி தினார் நோட்டு. ஐந்துக்குப் பின்னால் பதினொரு பூச்சியம். அதில் சேர்பியக் கவிஞர் ஸ்மாயின் படம். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அதை எடுத்துக் காட்டுவார்.

"நான் கோடீஸ்வரன்" என்பார்.

"இதுக்கு என்ன வாங்கலாம் அண்ணை?"

"காலமை எண்டால் ஒரு பாண். பின்னேரம் எண்டால் அரைப் பாண்."

எல்லாரும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு எனக்குப் பிறகுதான் விளங்கியது. 1992இல் ஐ.நா. பொருளாதாரத் தடை வந்தது. 1994 ஜனவரியில் அங்கே விலைவாசி ஒரே மாதத்தில் 31 கோடி சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அதற்கு முன்பே, ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் கூலிவேலை செய்து ஊர் வங்கியில் ஜேர்மன் மார்க்காகப் போட்டு வைத்தவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டுவிட்டன. அண்ணையின் தகப்பன் ஒரு ஆயுள் முழுக்கச் சேர்த்தது அப்படித்தான் போனது. அண்ணை 1995இல் கனடாவில் இறங்கியபோது கையில் இருந்தது இரண்டு பெட்டி, பெண்சாதி, ஒரு பெடிச்சி, அந்த நோட்டு. வெள்ளைத்தோலும் இருந்தது, உண்மைதான். அதை எந்த வங்கியும் அடமானம் வாங்காது.

அக்காவின் கதை வேறு மாதிரி, ஆனால் தூரமில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் சீன அரச ஆலைகள் ஆட்களைக் கோடிக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பின. ஷென்யாங் அதில் நடுப்புள்ளி. கனடா அப்போது படித்தவர்களுக்குப் புள்ளி போட்டு உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது. 1967இல் தொடங்கிய அந்தப் புள்ளி முறையில் தோலின் நிறத்துக்குப் புள்ளி கிடையாது. படிப்பு, மொழி, வயது, தொழில், அவ்வளவுதான். அண்ணையும் அக்காவும் ஒரே முறையில், கிட்டத்தட்ட ஒரே படிப்போடு வந்து, ஒரே பெக்டரியில் மணித்தியாலச் சம்பளத்துக்கு நின்றார்கள். இந்த இரண்டு சமூகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது.

*

இரண்டு பேரையும் உள்ளே விட்ட கதவு ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு முன்னால் வந்த தங்கள் சனத்துக்கு அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று பார்த்தால், படம் வேறு.

சீனர் பசிபிக் ரயில்பாதை போடக் கூலிகளாக வந்தார்கள். 1885இல் பாதை முடிந்தது. அதே ஆண்டு, உள்ளே வரும் சீனர் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டவேண்டிய தலைவரியும் வந்தது. முதலில் 50 டொலர், 1900இல் 100, 1903இல் 500. அந்தக் காலத்து 500 டொலர் ஒரு கூலியாளின் இரண்டு வருச உழைப்பு. இப்படி 80,000க்கும் மேற்பட்ட ஆட்களிடம் இருந்து சுமார் 2 கோடி 30 லட்சம் டொலரைக் கனடா வசூலித்தது. அதுவும் போதாதென்று 1923 ஜூலை 1ஆம் திகதி, நாட்டின் பிறந்தநாளிலேயே, சீனரை முற்றாகத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1947 வரை அது இருந்தது. பெண்சாதி குவாங்டொங் கிராமத்தில், புருசன் கனடாவில் சலவைக்கடையில், நடுவில் கால் நூற்றாண்டு. பிள்ளை பிறக்கவில்லை, குடும்பம் இல்லை. சொத்தும் குடும்பமும் தலைமுறை தலைமுறையாகச் சேர வேண்டிய காலத்தில் அவர்களைத் தனிக்கட்டைகளாகவே வைத்திருந்தார்கள். 2006இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு 20,000 டொலர் கொடுத்தபோது, அதை வாங்க உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலர்.

சேர்பியருக்குத் தலைவரி இல்லை. அவர்கள் சுரங்கத்துக்கும் இரும்பாலைக்கும் வந்தார்கள். ரெஜைனா நகரத்தில் 1916இலேயே ஒரு கிறிஸ்தவக் கோயில் கட்டிவிட்டார்கள். ஆனால் முதலாம் உலகப் போர் வந்தபோது வேடிக்கையான ஒரு பிரிவு நடந்தது. சேர்பிய இராச்சியத்தில் இருந்து வந்த சேர்பியன் நேசநாட்டான். ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கடதாசியோடு வந்த சேர்பியன் எதிரி நாட்டான். கோயிலில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிலுவை போடுவார்கள், பொலிசில் போய்ப் பதிய வேண்டியவன் ஒருவன்தான். அந்தப் போர்க்காலத்தில் கனடா முகாம்களில் அடைத்த 8,579 பேரில் பெரும்பான்மை உக்ரேனியர். பேரரசின் கடதாசி வைத்திருந்ததால் பிடிபட்டவர்களுக்குள் சேர்பியர் போன்ற தென்சிலாவியரும் இருந்தார்கள்.

இரண்டையும் ஒரே தராசில் போடமுடியாது. ஒன்று ஆறு வருசத்தில் முடிந்த அநியாயம். மற்றது சட்டமாக 62 வருசம் நின்றது. மண்டப வாசலில் வெள்ளைத்தோல் பற்றிச் சொன்னவரின் பேச்சில் இவ்வளவு உண்மை இருக்கிறது. அதை மறுக்க நான் ஆயத்தமில்லை.

*

சேர்பிய அண்ணையின் பெரியப்பா ஒருவர் ஹமில்டனில் இருந்தார். அறுபதுகளின் நடுவில் யூகோஸ்லாவியா தன் ஆட்களை வெளியே போகவிட்டபோது வந்தவர். ஸ்டெல்கோ இரும்பாலையில் முப்பது வருசம். ஒரு டிசம்பர் 19ஆம் திகதி அண்ணை என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். அது புனித நிக்கொலாவின் நாள். ஒவ்வொரு சேர்பியக் குடும்பத்துக்கும் ஒரு குலதெய்வம் மாதிரிப் புனிதர் ஒருவர் உண்டு. அவருடைய நாளை ஸ்லாவா என்பார்கள். அழைப்புக் கிடையாது. தெரிந்தவன் என்றால் தானாக வரவேண்டும். வராவிட்டால்தான் கோபம்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் பெரியம்மா ஒரு தட்டோடு வந்தார். அவித்த கோதுமையை அரைத்து, அக்ரூட் பருப்பும் சீனியும் போட்டுப் பிசைந்து குவித்திருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கிளாஸ் நிறைய கரண்டிகள். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுவிட்டு, கரண்டியை மற்றக் கிளாசில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் கால். எனக்கு அது எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. நத்தார் விரத காலம் என்பதால் இறைச்சி இல்லை. மேசை முழுக்க மீன். நடுவில் மெழுகுதிரியும் பின்னல் போட்ட பெரிய பாணும்.

பெரியப்பா தன் வீட்டைச் சுற்றிக் காட்டினார். நிலக்கீழ் அறையில் திராட்சை ரசப் பீப்பா, பின்வளவில் மிளகாய்க் கன்று நட்ட இடம். கடன் எப்போதோ கட்டி முடிந்த வீடு. தொழிற்சங்கம் வாங்கிக் கொடுத்த ஓய்வூதியம். பல்லுக் கட்ட, கண்ணாடி வாங்கக் காப்புறுதி. அவர் எட்டாம் வகுப்பு. அண்ணை பொறியியலாளர். அந்த மேசையில் அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, ஒரு சமூகத்தின் வசதி அதன் கெட்டித்தனத்தில் இருந்து வருகிறது என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. பெரியப்பா வந்த நேரம், இரும்பாலைகள் ஆள் தேடிய நேரம். அண்ணை வந்த நேரம், கனடாவில் வேலை குறைந்து, வெளிநாட்டு அனுபவத்துக்குச் சந்தையில் விலையே இல்லாமல் போயிருந்த நேரம். எழுபதுகளில் வந்தவர்கள் பத்துப் பதினைந்து வருசத்தில் இங்கே பிறந்தவர்களின் சம்பளத்தை எட்டிப் பிடித்தார்கள். தொண்ணூறுகளில் வந்தவர்களால் முடியவில்லை. இதில் சீனர், சேர்பியர், நாங்கள் எல்லாரும் ஒரே தோணி.

அந்த மேசையில் இன்னொன்றும் கவனித்தேன். ஒரு கிழவர் பெயரை யாரோ எடுத்ததும் பெரியப்பா முகம் கறுத்தது. பிறகு காரில் வரும்போது அண்ணை சொன்னார். பெரியப்பாவும் அவரும் ஒரே ஊர், ஒரே ஆலை. 1963இல் அமெரிக்கா, கனடா முழுக்கச் சேர்பியக் கோயில் இரண்டாக உடைந்தது. பெல்கிரேட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குக் கீழே இருக்கும் தலைமைக்குக் கட்டுப்படுவதா, இல்லையா என்பது சண்டை. உலகப் போருக்குப் பிறகு அகதியாக வந்த மன்னர் பக்கத்துச் சிப்பாய்கள் ஒரு பக்கம், கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் பாஸ்போட்டில் வந்த கூலிகள் மறுபக்கம். 1992இல் திருச்சபை சமாதானமாகிவிட்டது. இந்த இரண்டு கிழவர்களும் ஆகவில்லை.

"முப்பது வருசம் ஒரே உலையிலை நிண்டவை. ஒரு வார்த்தை கதைச்சதில்லை" என்றார் அண்ணை.

கோயில் நிர்வாகசபைத் தேர்தலைப் பார்த்த எந்தத் தமிழனுக்கும் இது மொழிபெயர்க்கத் தேவையில்லை.

*

இனி அக்காவின் பக்கம். சீனன் எங்கே போனாலும் முன்னுக்கு வந்துவிடுவான் என்ற மண்டப வாசல்காரர் இங்கேதான் நன்றாகத் தவறினார்.

2021 கணக்கெடுப்பில் கனடாவில் சீனர் 17 லட்சம் பேருக்கு மேல். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் பாதிக்கும் மேல் பல்கலைக்கழகப் பட்டம். அதே கணக்கெடுப்பில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் சீனரின் பங்கு நாட்டுச் சராசரியைவிட அதிகம். படிப்பும் கூட, வறுமையும் கூட. முதல் தடவை பார்த்தபோது ஏதோ அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

பிழை இல்லை. சீனர் என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து சமூகங்கள் இருக்கின்றன. தலைவரி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு கூட்டம், அவர்களில் சிலருக்குச் சீனமே வராது. 1984இல் பிரிட்டனும் சீனமும் ஹொங்கொங்கைக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டு, 1989இல் தியனன்மென் சதுக்கப் படுகொலை நடந்தபிறகு, ஹொங்கொங்கில் இருந்து வீட்டை விற்று வந்தவர்கள் இன்னொரு கூட்டம். 1994இல் மட்டும் அப்படி 44,000 பேர். மார்க்கம் நகரத்துப் பசிபிக் மால் அந்த அலையின் வேலை. பிறகு அக்காவைப் போன்ற பெருநிலச் சீனர், அதாவது பட்டமும் கடனும். அதற்கும் கீழே பூஜியன் மாகாணத்தில் இருந்து கப்பலில் வந்தவர்கள். 1999 கோடையில் நாலு கப்பலில் 599 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது பெரும்பாலானவர்களைச் சிறையில் வைத்துப் பலரைத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டுதான் கனடா கொசோவோ அகதிகள் 5,000 பேருக்கு மேல் விமானம் அனுப்பி ஏற்றியது. பதினொரு வருசம் கழித்து சன் சீ கப்பலில் எங்கள் ஆட்கள் 492 பேர் வந்தபோது நாடு எப்படிக் கத்தியது என்று ஞாபகம் உள்ளவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

வறுமைக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தகப்பன் ஹொங்கொங்கிலோ ஷாங்காயிலோ உழைப்பான், தாயும் பிள்ளையும் இங்கே பெரிய வீட்டில். வானத்திலேயே வாழ்வதால் அந்தத் தகப்பன்மாருக்கு விண்வெளி வீரர் என்று சீனரே பெயர் வைத்திருக்கிறார்கள். கனடா வரிப் பத்திரத்தில் அந்த வீட்டின் வருமானம் சொற்பமாக இருக்கும். அவர்களைக் காட்டி "சீன வறுமை பொய்" என்று சிலர் சொல்வதுண்டு. அதே அட்டவணையில், சாப்பாட்டுக் கடைக் குசினியில் நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று கையில் காசு வாங்குபவனும், மகனின் வீட்டு நிலக்கீழ் அறையில் ஓய்வூதியம் இல்லாமல் இருக்கும் கிழவியும் இருக்கிறார்கள். பணக்காரனின் பொய்க்கணக்கு ஏழையின் மெய்க்கணக்கை மூடிவிடுகிறது.

அக்காவின் புருசனும் 2003இல் விண்வெளி வீரரானார். சார்ஸ் தொற்று வந்த ஆண்டு. ரொறன்ரோவில் சீனச் சாப்பாட்டுக் கடைகள் வெறிச்சோடின, அவர் வேலை செய்த கடையும் மூடியது. சீனத்தில் அப்போது வேலை ஓடிவந்தது. பொறியியலாளருக்குப் பொறியியலாளர் சம்பளம். போனார். இரண்டு வருசம் என்று போனவர், வருசத்துக்கு இரண்டு முறை வந்து போனார். மகன் தகப்பனின் உயரத்தைத் தாண்டியது ஒரு டிசம்பருக்கும் அடுத்த ஜூலைக்கும் இடையில். குடும்ப வருமானம் என்ற கட்டத்தில் இது ஒன்றும் தெரிந்திருக்காது.

சேர்பியருக்கு வருவோம். அவர்களுக்கு இந்த அட்டவணையே கிடையாது. 1986இன் வேலைச் சமவாய்ப்புச் சட்டத்தில் இருந்து கனடா சனத்தைக் காட்சிச் சிறுபான்மை (தோலின் நிறத்தில் வேறாகத் தெரிபவர்கள்), மற்றவர்கள் என்று பிரித்து எண்ணுகிறது. சேர்பியர் மற்றவர்கள். ஆங்கிலேய வம்சத்துப் பண்ணை முதலாளியும் சாஸ்தவா தொழிற்சாலை இழந்த அண்ணையும் ஒரே கட்டத்தில் கூட்டிப் பங்கு போடப்படுகிறார்கள். இனவழி கேட்கும் கேள்வியில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் சேர்பியர் என்று எழுதுகிறார்கள். இன்னும் கொஞ்சப் பேர், நாடு இல்லாமல் போன பிறகும், யூகோஸ்லாவியர் என்றே எழுதுகிறார்கள். அண்ணையும் அப்படித்தான். பெண்சாதி பொஸ்னியாக்காரி, வேறு என்னத்தை எழுதுவது?

ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதில் லாபமும் இருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபோலஸ் ஆயிரக்கணக்கான பொய் விண்ணப்பங்களை முதலாளிமாருக்கு அனுப்பிப் பார்த்தார். ஒரே கனடாப் படிப்பு, ஒரே கனடா அனுபவம். பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயருக்கு, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. சேர்பியப் பெயரும் வாயில் நுழையாதுதான். ரஷ் இசைக்குழுவின் கிட்டார்க்காரர் அலெக்ஸ் லைஃப்சன், சேர்பியப் பெற்றோருக்குப் பிறந்த அலெக்சாந்தர் ஷிவோயினோவிச். தன் குடும்பப் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டார், உயிரின் மகன் என்று. பெயரை மாற்றியதும் அவருக்கு வேலை முடிந்தது. அக்காவும் இங்கே ஒரு ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது முகத்தையும் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அண்ணையின் மகள் இப்போது ஓக்வில்லில் பல் வைத்தியர். அவளை யாரும் எந்த நாடு என்று கேட்பதில்லை. அக்காவின் மகன் இங்கேயே பிறந்தவன், கணக்கியலாளன், அவனும் நல்ல சம்பளம். அவனுடைய ஆங்கிலத்தைப் பாராட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது அவன் அம்மாவைத் தனியாகக் கடைக்குப் போகவேண்டாம் என்று சொன்னான். பல் வைத்தியருக்கு அப்படி ஒரு பேச்சு அவளுடைய தாயோடு தேவைப்படவில்லை.

*

மேசைக்கு வருகிறேன். 1999 மார்ச் 24இல் நேட்டோ யூகோஸ்லாவியா மீது குண்டு போடத் தொடங்கியது. 78 நாள். கனடாவின் சி.எப்.-18 விமானங்களும் அதில் பறந்தன. ஏப்ரலில் சாஸ்தவா தொழிற்சாலை தாக்கப்பட்டது. அண்ணை வேலை முடிந்ததும் யூனிவர்சிட்டி அவெனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரக வாசலுக்குப் போய், சேர்பியர் கூட்டத்தோடு நின்றுவிட்டு, நடுச்சாமம் வீட்டுக்குப் போய், விடிய ஆறரைக்கு லேத்தில் நிற்பார். சம்பளத் துண்டில் அரசாங்கம் வரி பிடித்த இடத்தை ஒருநாள் விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் அவரோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பேப்பரைத் திறந்தால் சேர்பியன் என்றால் கொலைகாரன். கொசோவோவில் அல்பேனியருக்கு நடந்ததை அவர் மறுத்ததில்லை. அதை ஜனாதிபதி மிலோசெவிச்சிடம் போய்க் கேட்கச் சொல்வார். கேட்க யாரும் இல்லாததால் இவரைப் பார்த்தார்கள். ஊருக்குத் தொலைபேசி எடுத்து மணி அடித்துக்கொண்டே இருக்கும் சத்தத்தை நாங்கள் அறிவோம். அதனால் தமிழ்ப் பெடியள் மட்டும் வழக்கம்போல அவரோடு இருந்தோம்.

மே 7ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பெல்கிரேட்டில் சீனத் தூதரகம் மீது குண்டு விழுந்தது. சீனப் பத்திரிகையாளர் மூன்று பேர் செத்தார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணை வழக்கம்போல மூலை மேசையில். அக்கா எப்போதும் மற்றச் சீனப் பெண்களோடு நுண்ணலை அடுப்புக்குக் கிட்ட இருப்பவர். அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே வந்து அண்ணைக்கு முன்னால் இருந்தார். ஒரு தோடம்பழத்தை எடுத்துத் தோல் உரித்து, சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை அண்ணையின் பாணுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் ஐம்பது சொல் தேறாது. அந்த ஐம்பதையும் அவர்கள் பாவிக்கவில்லை. அண்ணை சாப்பிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெக்டரி மூடும்வரை மூலை மேசையில் மூன்று பேர்.

*

இப்போது அண்ணைக்கு எழுபத்தைந்து. பெண்சாதி தவறிவிட்டார். இரண்டு வருசத்துக்கு முன் பாரிசவாதம் வந்து, மகள் எவ்வளவோ பார்த்து, கடைசியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். நல்ல இடம், துப்புரவு, ஜன்னலுக்கு வெளியே மரம். வாதத்தோடு ஆங்கிலம் போய்விட்டது. பிறகு கற்ற மொழி முதலில் போவது இந்த வருத்தத்தில் நடப்பதுதான். சேர்பியம் மட்டும் மிச்சம். அந்த இல்லத்தில் சேர்பியம் தெரிந்த ஒருவரும் இல்லை. கோயிலில் இருந்து மாதத்தில் ஒருநாள் பாதிரியார் வருகிறார். ஒரு லட்சம் பேர் நாடு முழுக்கச் சிதறியிருந்தால், தங்களுக்கென்று ஒரு மண்டபம் கட்டலாம், ஆட்டை முழுதாக வாட்டலாம், நயாகராவில் வருசத்துக்கு ஒருநாள் கூடலாம். ஆனால் இருநூறு கட்டில் உள்ள இல்லம் நடத்துவது கஷ்டம்.

சீனருக்கு அது இருக்கிறது. ஜோசப் வொங் என்ற வைத்தியர் தொடங்கி வைத்த யீ ஹொங் நிலையம் 1994இல் ஸ்காபரோவில் முதல் இல்லத்தைத் திறந்தது. இப்போது நாலு இடங்களில். காலையில் கஞ்சி, தாதி கன்டோனீஸ் கதைப்பாள், மாண்டரின் கதைப்பாள். எண்ணிக்கை தரும் சுகம் அது. தலைவரிக் காலத்தில் ஒவ்வொருவரையும் எண்ணி எண்ணித் தடுத்த நாட்டில், அவர்களுக்கு இப்போது இருக்கும் பெரிய சொத்து எண்ணிக்கைதான். ஆனால் அங்கே இடம் கிடைக்க வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அக்காவின் தாய் காத்திருந்தே மகளின் வீட்டில் கண்ணை மூடினார். பிள்ளை பொறுப்பெடுத்துக் கூப்பிட்ட கிழவி. பத்து வருசம் கனடாவில் இருக்காமல் முதியோர் ஓய்வூதியம் இல்லை. சேர்பியாவோடு கனடாவுக்கு 2014இல் இருந்து உடன்படிக்கை உண்டு, அங்கே வேலை செய்த காலத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சீனத்தோடு செய்த உடன்படிக்கை இரட்டைச் சந்தாவைத் தவிர்ப்பதோடு நிற்கிறது. அதனால் பக்கத்து மாலில் ஓய்வூதியம் இல்லாத சீனக் கிழவிகள் காலையில் நடப்பார்கள், வாங்கில் இருப்பார்கள், கசினோ பஸ் வந்தால் ஏறுவார்கள். சூதாட இல்லை. பஸ் மலிவு, உள்ளே சூடு, பக்கத்துச் சீட்டில் கதைக்க ஆள் இருக்கும்.

இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நான் அண்ணையைப் பார்க்கப் போவேன். செத்தவீட்டுக்கு மறுநாளும் போனேன். அவர் சேர்பியத்தில் நீளமாக ஏதோ சொல்வார். நான் தமிழில், பழைய பெக்டரிப் பெடியள் யார் எங்கே என்று சொல்வேன். ஆங்கிலத்தில் கதைத்தால் அவர் முகம் சுருங்குகிறது. தமிழில் கதைத்தால் சுருங்குவதில்லை. காரணம் தெரியாது. புதிதாக வந்த தாதி வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீங்கள் இவருக்குச் சொந்தமா, நாங்கள் சொல்வதை மொழிபெயர்த்துத் தரமுடியுமா என்று கேட்டாள்.

திரும்பும் வழியில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு அறுபத்துமூன்று. பொறியியலாளர் சங்கம் கனடா அனுபவம் கட்டாயம் என்ற விதியை ஒன்ராறியோவில் 2023இல்தான் எடுத்தது, அக்கா அதற்குள் ரிட்டையர். அண்ணையின் நிலைமையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, யீ ஹொங்கில் தனக்கு இப்போதே பெயர் பதிந்து வைக்கலாமா என்று விசாரித்ததாகச் சொன்னார்.

"என்ன சொன்னவை?"

"ஏலாதாம். முதல்லை வருத்தம் வரவேணுமாம்."

அடுத்த முறை அண்ணையிடம் போகும்போது தன்னையும் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். பழம் தான் கொண்டுவருவாராம், இல்லத்தில் விடுவார்களா என்று மட்டும் என்னைக் கேட்டு வைக்கச் சொன்னார்.